நாற்பதில் தெரியும் நோய்... நாற்றங்காலில் தொடங்கியது!

ஒரு கேள்வி கேட்கிறேன். சட்டென்று பதில் சொல்லுங்கள். நீங்கள் பிறந்தபோது உங்கள் எடை எவ்வளவு?

பெரும்பாலோர் கையை விரித்துவிடுவீர்கள். பிறந்த நட்சத்திரம் தெரியும், ராசி தெரியும், நாழிகை சுத்தமாகக் கணித்த ஜாதகம் பீரோவில் பத்திரமாக இருக்கும். எடை மட்டும் தெரியாது. "அது எதுக்கு டாக்டர் இப்போ? நாப்பது வயசுல சர்க்கரை வந்திருக்கு. எங்க வம்சத்துலயே யாருக்கும் கிடையாது. எனக்கு மட்டும் எப்படி வந்ததுன்னு சொல்லுங்க" என்று என்னிடம் வருகிறவர்கள் கேட்பார்கள்.

அந்தச் சர்க்கரைக்கும், நீங்கள் பிறந்த அன்று தராசு காட்டிய எண்ணுக்கும் தொடர்பு உண்டு. அது மட்டுமா? நீங்கள் வயிற்றில் இருந்தபோது உங்கள் அம்மா என்ன சாப்பிட்டார், வீட்டில் யார் யார் சாப்பிட்டு முடித்த பிறகு சாப்பிட்டார், எத்தனை குடம் தண்ணீர் சுமந்தார்... இவை எல்லாவற்றுக்கும் தொடர்பு உண்டு. வறுமையும் பாரபட்சமும் ஒரு குழந்தையின் உடம்பில் போட்டு வைக்கிற கணக்கு, நாற்பது ஐம்பது வயதில் வட்டியோடு திரும்பி வருகிறது. அது எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பணக்கார வியாதியா?

மாரடைப்பு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை எல்லாம் வசதியானவர்களின் வியாதி என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. "உழைக்கிறவனுக்கு ஏது சர்க்கரை?" என்பார்கள். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள்.

1986இல் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரும் கிளைவ் ஆஸ்மண்ட் என்ற புள்ளியியல் நிபுணரும் இங்கிலாந்து, வேல்ஸ் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார்கள். 1921 முதல் 1925 வரை எந்தெந்தப் பகுதிகளில் பச்சிளங்குழந்தைகள் அதிகம் இறந்தன என்று குறித்தார்கள். 1968 முதல் 1978 வரை எந்தப் பகுதிகளில் மாரடைப்பு மரணம் அதிகம் என்பதையும் குறித்தார்கள். இரண்டு படங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன! குழந்தைகள் அதிகம் இறந்த ஏழைத் தொழில் நகரங்களில்தான், பிழைத்த குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகி மாரடைப்பில் அதிகம் இறந்திருந்தார்கள்.

ஒரு பிஞ்சைக் கொன்ற வறுமை, பக்கத்து வீட்டுப் பிஞ்சை உயிரோடு விட்டுவிட்டு, ஐம்பது வருடம் கழித்து வந்து கதவைத் தட்டியது என்றுதான் சொல்ல வேண்டும்.

பழைய நோட்டுப் புத்தகங்கள்

பகுதி பகுதியாகப் பார்த்தால் போதுமா? ஆள் ஆளாகப் பார்க்க வேண்டாமா? அதற்கும் ஒரு வழி கிடைத்தது. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மையார் தாய்-சேய் நலப் பணியாளர்களின் தலைவியாக இருந்தார். ஒவ்வொரு குழந்தையும் பிறந்தபோது எவ்வளவு எடை, ஒரு வயதில் எவ்வளவு எடை என்று பேரேட்டில் எழுதி வைக்க ஏற்பாடு செய்தார். அந்தப் பேரேடுகள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பார்க்கர் குழுவினர் கைக்குக் கிடைத்தன. 1911-1930இல் பிறந்த 5,654 ஆண்களின் கதையை அவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வயதில் 8.2 கிலோவும் அதற்குக் கீழும் இருந்தவர்களிடையே மாரடைப்பு மரண விகிதம், 12 கிலோவுக்கு மேல் இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று 1989இல் அறிவித்தார்கள்.

"அது வெள்ளைக்காரர் கதை. நமக்கென்ன?" என்று நினைக்கலாம். நம் பக்கத்திலேயே இருக்கிற மைசூருக்கு வாருங்கள். அங்கே ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிரசவப் பதிவேடுகள் பத்திரமாக இருந்தன. அங்கு 1934-1954இல் பிறந்த 517 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்து, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். பிறந்தபோது இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3 சதவீதம்தான். குழந்தையும் எடை குறைவு, கர்ப்பத்தில் அம்மாவும் எடை குறைவு என்று இரண்டும் சேர்ந்த இடத்தில் அது 20 சதவீதத்தைத் தொட்டது.

பழக்கமா, பசியா?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஏழை வீட்டில் பிறந்தவர் பிற்பாடு பீடி, சாராயம், கவலை என்று உடம்பைக் கெடுத்துக்கொண்டிருக்கலாமே? குற்றம் பழக்கத்தின் மேல்தானே? கருவில் இருந்தபோது பட்ட பசியின் மேல் எப்படிப் பழி போடுவது?

இதற்குப் பதில் ஹாலந்து நாட்டிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45. ஜெர்மானியப் படை உணவு வரத்தை முடக்கியதால் ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் பஞ்சம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரிதான் ரேஷன். நடுத்தரமாக உழைக்கும் ஒரு பெண்ணுக்கே 2,000 கலோரிக்கு மேல் தேவை. அன்று வசதியான வீடுகளும் பசியில் வாடின. 1945 மே மாதம் போர் முடிந்ததும் உணவும் வந்துவிட்டது. ஆகவே பசி எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

அந்த மாதங்களில் கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தார்கள். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலும் கடைசியிலும் பஞ்சத்தில் சிக்கியவர்களின் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கத் திணறியது. முதல் மூன்று மாதத்தில் சிக்கியவர்கள் பிறக்கும்போது நல்ல எடையோடுதான் பிறந்தார்கள். ஆனால் அவர்களிடையே இதய நோய் அதிகம். ஆக, தராசில் தெரியாத பாதிப்பும் உண்டு.

உடம்பு போடும் சிக்கனக் கணக்கு

கருவுக்கு வருகிற உணவு குறைந்தால் அது என்ன செய்யும்? மாதக் கடைசியில் நாம் செய்வதைத்தான் செய்யும். எது அவசியமோ அதற்கு முதலில், மற்றதற்குப் பிறகு. மூளைக்கு முதல் பங்கு. கணையம், சிறுநீரகம், ஈரல், தசை இவற்றின் பங்கில் கை வைக்கிறது.

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய வடிகட்டிகள் நம் பிறப்புக்கு முன்பே எண்ணி முடிக்கப்படுகின்றன. பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. எடை குறைந்து பிறக்கும் பிள்ளைக்குப் பொதுவாக வடிகட்டிகள் குறைவு. குறைந்த ஆட்களை வைத்து முழு வேலையும் வாங்கினால் அவர்கள் சீக்கிரம் களைத்துப்போவார்கள் அல்லவா? பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பு வர அது ஒரு காரணம்.

புனேயில் டாக்டர் சி.எஸ். யாஜ்னிக் குழுவினர் 1993இல் கிராமத்துக் கர்ப்பிணிகளைப் பின்தொடரத் தொடங்கினார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைக்கு 3.5 கிலோ. 800 கிராம் வித்தியாசம்! ஆனால் அந்தக் குறைவு எல்லா இடத்திலும் சமமாக இல்லை. தசையும் உள்ளுறுப்புகளும்தான் அதிகம் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. சர்க்கரை நோய்க்கு இதைவிட நல்ல நிலம் வேண்டுமா?

சித்த மருத்துவத்தில் உடம்பை ஏழு தாதுக்களாகச் சொல்வோம். உண்ட உணவிலிருந்து முதலில் சாரம்; பிறகு செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை என்று ஒன்று அடுத்ததை வளர்க்கும் வரிசை அது. சாரமே குறைந்தால் மற்றவை எப்படித் தேறும்? குழந்தை மருத்துவத்தைத் தாயின் உணவிலிருந்தே தொடங்கச் சொல்வது எங்கள் மரபு. இன்றைய ஆராய்ச்சி அதற்கு எடைக்கல்லும் பதிவேடும் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

அதே புனே ஆய்வில் இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தது. பால், கீரை, பழம் அடிக்கடி சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள் நன்றாக வளர்ந்திருந்தன. கிணற்றில் தண்ணீர் சேந்துவது, வயல் வேலை என்று கடுமையாக உழைத்த கர்ப்பிணிகளின் குழந்தைகள் சிறுத்திருந்தன. சாப்பாடு மட்டும் அல்ல, ஓய்வும் கருவுக்கு உணவுதான்.

பாட்டி வயிற்றுப் பசி

"எங்க வம்சத்துலயே கிடையாது" என்று சொன்னார்களே, அதற்கு வருவோம்.

ஒரு பெண் குழந்தை தன் வாழ்நாளுக்கு வேண்டிய கருமுட்டைகளின் மூலச் செல்களைத் தாய் வயிற்றிலேயே பெற்றுவிடுகிறது. அப்படியானால், நீங்கள் உருவான முட்டை எங்கே உண்டானது? உங்கள் அம்மா, பாட்டியின் வயிற்றில் இருந்தபோது! பாட்டி பட்டினி கிடந்தால் அந்தப் பசி அம்மாவின் உடம்பைத் தொடுகிறது. அம்மாவுக்குள் இருந்த, நீங்கள் ஆகப்போகிற அணுவும் அங்கேதான் இருந்தது.

பாட்டிக்குச் சர்க்கரை இல்லைதான். அவர் கேழ்வரகுக் கூழ் குடித்து, நாளெல்லாம் வேலை செய்தார். பஞ்சத்துக்குத் தயாரான உடம்பு, பஞ்சத்திலேயே வாழ்ந்தது. நாமோ அதே உடம்பை வைத்துக்கொண்டு மூன்று வேளையும் அரிசிச் சோறு, மாலையில் பஜ்ஜி, உட்கார்ந்த வேலை என்று இருக்கிறோம். 1969-72இல் பிறந்த டெல்லிக் குழந்தைகளில் 1,492 பேரை வளர்ந்த பிறகு சோதித்து 2004இல் எழுதினார்கள். சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் யார் தெரியுமா? இரண்டு வயது வரை மெலிந்திருந்து, அதற்குப் பிறகு வேகமாக எடை போட்டவர்கள்.

இன்று இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு கூறுகிறது. இவர்களில் எத்தனை வீடுகள், இரண்டு தலைமுறைக்கு முன் அரை வயிற்றுக் கஞ்சியோடு படுத்த வீடுகள்!

இரண்டு ஏற்றத்தாழ்வுகள்

முதலாவது, வீட்டுக்கு வீடு உள்ள ஏற்றத்தாழ்வு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவின் ஏழ்மை மிகுந்த ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 100க்கு 46 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குட்டையாக இருந்தார்கள். மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கில் 23 பேர். சரிபாதி.

அந்த 23ஐ கவனித்தீர்களா? அரிசிக்கும் பருப்புக்கும் குறைவில்லாத வீடுகளிலும் இத்தனை குழந்தைகள் குறுகி நிற்கின்றன. அதற்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று இரண்டாவது ஏற்றத்தாழ்வு, ஒரே வீட்டுக்குள் இருப்பது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு கடைசியில் உட்காரும் மருமகள். "பையன் வளர்ற பிள்ளை" என்று முட்டை அண்ணனுக்குப் போக, குழம்பு மட்டும் கிடைக்கும் தங்கை. அதே கணக்கெடுப்பில் நாட்டின் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. பாதிப் பேருக்கு மேல்! இது ஏழை வீட்டுப் பிரச்னை மட்டும் என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

விதியா? இல்லவே இல்லை!

இவ்வளவும் படித்துவிட்டு "எல்லாம் கருவிலேயே எழுதியாச்சு, இனிமே என்ன?" என்று சோர்ந்துவிடாதீர்கள். தக்க நேரத்தில் சோறும் கவனிப்பும் கிடைத்தால் கணக்கு மாறுகிறது.

மத்திய அமெரிக்காவில் குவாதமாலா என்ற நாடு. 1969 முதல் 1977 வரை அங்கே நான்கு கிராமங்களில் ஒரு பரிசோதனை. இரண்டு கிராமத்துக்குப் புரதச்சத்து நிறைந்த கஞ்சி. மற்ற இரண்டுக்கு வெறும் இனிப்புப் பானம். இரண்டு வயதுக்குள் சத்துக் கஞ்சி குடித்த பையன்கள் வளர்ந்து வேலைக்குப் போனபோது, மணிக்கு 46 சதவீதம் அதிகக் கூலி வாங்கினார்கள். மூன்று வயதுக்குப் பிறகு குடித்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. காலம் எவ்வளவு முக்கியம் பாருங்கள்.

சோறு மட்டும் போதுமா? அமெரிக்காவின் வட கரோலினாவில் 1972 முதல் ஏழைக் குடும்பங்களின் 111 குழந்தைகளை வைத்து ஒரு முயற்சி. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு ஐந்து வயது வரை நல்ல பராமரிப்பு, பேச்சு, விளையாட்டு, சாப்பாடு, மருத்துவக் கவனிப்பு. முப்பத்தைந்து வயதை ஒட்டிச் சோதித்தபோது அப்படி வளர்ந்த ஆண்களின் ரத்த அழுத்தம் சராசரி 126, கிடைக்காதவர்களுக்கு 143. மடியில் வைத்துக் கதை சொன்னதும் மருந்தாக வேலை செய்திருக்கிறது.

நம் கதையும் பெருமையானதுதான். காமராஜர் 1956இல் தொடங்கிவைத்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கியது, 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டம் என்று தமிழ்நாடு பள்ளிக்கூடத்தில் இலை போட்டு வருகிறது. "ஓசிச் சோறு" என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. இந்தியப் பள்ளி மதிய உணவைப் பற்றி 2021இல் வந்த ஆய்வைப் படித்தால் அந்தப் பேச்சு வராது. சிறுமியாக இருந்தபோது மதிய உணவு கிடைத்த பெண்கள் பிற்காலத்தில் பெற்ற குழந்தைகள் உயரமாக வளர்ந்திருந்தன. ஏழைக் குடும்பங்களில் அந்தப் பலன் இன்னும் கூடுதல். ஒரு சிறுமிக்கு வைத்த சோறு, அவள் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது!

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் பெண்ணிலிருந்து தொடங்குங்கள். பூப்பெய்தியவுடன் ஒரு வாரம் உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று தடபுடல் செய்கிறோம். பிறகு மறந்துவிடுகிறோம். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, தினம் ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் பருப்பு, சுண்டல், கைப்பிடி வேர்க்கடலை... இது கல்யாணம் வரையில் அல்ல, என்றைக்கும் வேண்டும். கீரைச் சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேரட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அவை தடுக்கும்.

கர்ப்பிணிக்கு முதல் பந்தி. "நிறைய சாப்பிட்டா குழந்தை பெரிசாகி பிரசவம் கஷ்டமாயிடும்" என்று சாப்பாட்டைக் குறைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதை விட்டொழியுங்கள். மதியம் ஒரு மணி நேரம் படுக்கட்டும். மூலிகை கொடுக்கிறோம் என்று இரும்புச்சத்து மாத்திரையையும் ஃபோலிக் அமில மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன், இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. மாதாமாதம் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பதும் தவறக் கூடாது.

எடை குறைந்து பிறந்த குழந்தையை "தேத்தணும்" என்று சர்க்கரை கலந்த பாலும் பிஸ்கட்டும் திணிக்க வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. பிறகு பருப்பு, முட்டை, கீரை மசித்த சோறு, நெய், தாய்ப்பாலோடு சேர்த்து. இனிப்பு அவசரமில்லை. இங்கிலாந்தில் 1953 வரை சர்க்கரைக்கு ரேஷன் இருந்தது. அந்த ரேஷன் நாட்களில் கருவிலும் கைக்குழந்தையாகவும் இருந்தவர்களுக்கு, பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் அபாயம் சுமார் 35 சதவீதம் குறைந்திருந்ததாக 2024இல் ஓர் ஆய்வு சொன்னது.

நீங்களே குறைந்த எடையில் பிறந்தவர் என்று அம்மா சொன்னால், பயப்பட வேண்டாம்; முப்பது வயதிலிருந்தே வருடம் ஒருமுறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். பார்க்க ஒல்லியாக இருந்தாலும் பாருங்கள். இடுப்பளவைக் கவனியுங்கள். தசை வளரும்படி நடையும் உடற்பயிற்சியும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் போகும் உங்கள் மகளுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு உண்டு. பாத்திரம் தேய்க்கிறவளுக்கு அது எட்டுவதில்லை. எட்டாம் மாதமும் அவள் குடம் தூக்குகிறாள். லீவு போட்டால் சம்பளம் போகும், அல்லது வேலையே போகும். புனேயில் பார்த்தோமே, குழந்தை சிறுத்துப் பிறந்தது இப்படித்தான்.

மீந்த சாம்பாரைக் கட்டிக் கொடுப்பது உதவிதான், ஆனால் அது போதாது. கனமான வேலையை நிறுத்திவிடுங்கள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று மாதம் சம்பளத்தோடு விடுங்கள். அதே தெருவில் அவள் வேலை செய்யும் நான்கு வீட்டுக்காரர்களும் சேர்ந்து பேசினால் ஒருவருக்கும் பாரமாக இருக்காது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் அவள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். நிலையத்தில் அவள் வரிசையில் நிற்கும் அந்தக் காலைப் பொழுதுக்கும் சம்பளம் பிடிக்காதீர்கள்.